மடித்துப் போட்ட ஏப்ரன்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும் என்று என் அக்கா ஜூலியா சொல்வாள். அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து என் காது ஆறவே இல்லை. யார் மேல் கோபம் என்று கேட்டால் மூன்று பேரைச் சொல்வேன். மூன்றாவது ஆளைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் அந்த ஆளைப் பற்றிப் பேசத்தான் எனக்கு வாய் வரவில்லை.

நான் ஷைனி. எலவனாசூர்கோட்டைப் பக்கம் எங்கள் வீடு. இயற்பியலில் ஐந்து வருடமாக ஆராய்ச்சி செய்கிறேன். ஊரில் யாராவது என்ன ஆராய்ச்சி என்று கேட்டால் 'எக்ஸ்ரே பிடிக்கிற தாள்' என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அதற்குமேல் கேட்பவர்கள் கிடையாது, அடுத்த கேள்வி எப்போதும் கல்யாணத்தைப் பற்றித்தான் இருக்கும். நீங்கள் கேட்டதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன். பெரோவ்ஸ்கைட் என்பது ஒருவகைப் படிக அமைப்பு. எக்ஸ்ரே பட்டால் அதில் மின்சாரம் கசியும். பலரும் அதில் ஈயம் சேர்த்துச் செய்கிறார்கள். நன்றாக வேலை செய்யும், ஆனால் ஈயம் விஷம், உடம்பில் ஒட்டுகிற பொருளில் அது எதற்கு? நான் செய்வதில் ஈயம் மட்டுமல்ல, எந்த உலோகமும் கிடையாது. அம்மோனிய உப்பு, ஒரு கரிமப் பொருள், கொஞ்சம் அயோடின். தண்ணீரில் கரைத்துப் பொறுமையாக விட்டால் கல்கண்டு போலப் படிகம் இறங்கும். அதை அரைத்து மெல்லிய பிளாஸ்டிக்கில் சேர்த்துப் பூசினால் வளைகிற பிலிம் கிடைக்கும். மணிக்கட்டில் சுற்றலாம், முழங்கையில் ஒட்டலாம், ஆயிரம் முறை மடித்தாலும் உடையாது. எவ்வளவு எக்ஸ்ரே பட்டதோ அவ்வளவு மின்சாரம் தரும், அவ்வளவுதான். ஈரம் மட்டும் ஆகாது. அதற்காக மேலே ஓர் உறை போட்டிருக்கிறேன். அந்த உறையைச் சரிசெய்யவே ஒன்றரை வருடம் போனது.

அக்கா ஜூலியா கள்ளக்குறிச்சியில் ஒரு ஸ்கேன் சென்டரில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறாள். பதிவேட்டில் துப்புரவுப் பணியாளர் என்று இருக்கும். உண்மையில் அவள் வேலை குழந்தைகளைப் பிடிப்பது. எக்ஸ்ரே அறைக்குள் போனதும் குழந்தை துள்ளும், அழும், அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைக்கும். அசைந்தால் படம் கெட்டுப்போகும். ஜூலியா போய் இரண்டு கையையும் தூக்கிப் பிடித்து, 'வாய மூடிக்கினு உள்ள காத்த இழு, மூக்கு எப்படிப் பெருசாவுது பாக்கலாம்' என்பாள். குழந்தை மூக்கைப் பார்க்கும் நேரத்தில் படம் எடுத்துவிடுவார்கள். கள்ளக்குறிச்சியில் எந்தக் குழந்தை டாக்டரும் 'அந்த ஜூலியா இருக்கிற சென்டர்ல எடுங்க' என்றுதான் எழுதிக் கொடுப்பார். அவளுக்கு அதில் பெருமை உண்டு. எனக்கு அந்தப் பெருமையைப் பார்த்தாலே எரியும். விதிப்புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது, வேலையாட்கள் யாரும் வாடிக்கையாக நோயாளியைப் பிடிக்கக் கூடாது என்று. பெற்றவர்கள் பிடிக்கலாம், அதுவும் கதிரைத் தடுக்கிற ஈய ஏப்ரன் போட்டுக்கொண்டு, ஒரு தடவை. ஒரே ஆள் தினம் முப்பது குழந்தையைப் பிடித்தால் அந்த ஆளின் உடம்பு என்ன ஆவது?

எவ்வளவு கதிர் படுகிறது என்று அளக்க பேட்ஜ் என்று ஒன்று தருவார்கள். சட்டையில் குத்திக்கொண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பினால் கணக்குப் பார்த்துச் சொல்வார்கள். அந்த சென்டரில் மூன்று பேட்ஜ் உண்டு. டாக்டர் அரங்கநாதனுக்கு ஒன்று, டெக்னீஷியன் வேடியப்பனுக்கு ஒன்று, இரவு டெக்னீஷியனுக்கு ஒன்று. மூன்றும் அலுவலகக் கதவுக்குப் பின்னால், காலண்டருக்குக் கீழே ஓர் ஆணியில் தொங்கும். தொலைந்துவிடும் என்ற பயமாம். அறிக்கை வரும், ஒன்றும் இல்லை, எல்லாம் பாதுகாப்பு என்று. ஆமாம், அந்த ஆணிக்கு ஒன்பது வருடமாக எந்த ஆபத்தும் வரவில்லை. ஜூலியாவுக்கு ஆணியில்கூட இடம் இல்லை.

அவளுக்கு இரண்டு குழந்தைகள் வயிற்றிலேயே போயின. ஒன்று மூன்றாம் மாதம், இன்னொன்று அதற்கும் முன்னால். எக்ஸ்ரேதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், சொல்லவும் முடியாது. எத்தனையோ பேருக்கு அப்படி ஆகிறது. எனக்கு ஆத்திரம் வருவது வேறு இடத்தில். இல்லை என்றும் யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் யாரும் அளக்கவே இல்லை. அவள் கணவர் எட்வின் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறார். இரண்டாவது முறை ஆனபோது அவர் ஆலை வாசலில் வரிசையில் நின்ற டிராக்டரை அப்படியே விட்டுவிட்டு வந்தார். நான் ஆய்வகத்தில் உறை ஒட்டிக்கொண்டிருந்தேன்.

பிலிமை நிஜமான ஓர் எக்ஸ்ரே மெஷினில், நிஜமான வேலை நடக்கும் இடத்தில் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. என் வழிகாட்டி பேராசிரியர் தெய்வசிகாமணி. அவரும் டாக்டர் அரங்கநாதனும் பழைய சிநேகிதர்கள். டாக்டர் உடனே சம்மதித்தார். பத்திரிகையில் படம் வருமா என்று மட்டும் கேட்டார். கல்வராயன் மலையில் வெள்ளிமலையைத் தாண்டி ஒரு கிராமத்தில் குழந்தைகளுக்கு நெஞ்சு எக்ஸ்ரே முகாம் நடத்தப் போகிறோம், அங்கே வந்து அளந்துகொள் என்றார். ஒரே காலையில் அறுபது குழந்தைகள். எனக்கு வேறென்ன வேண்டும்? அறுபது ரீடிங் கிடைத்தால் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் முடிந்துவிடும். அக்கா மணிக்கட்டில் ஒரு பிலிம், ஏப்ரனுக்கு உள்ளே வயிற்றில் ஒரு பிலிம். மணிக்கட்டில் எவ்வளவு படுகிறது, ஏப்ரன் எவ்வளவு தடுக்கிறது, இரண்டும் தெரியும். நியாயமான திட்டம்தான், காகிதத்தில்.

வெள்ளிக்கிழமை காலை ஜீப்பில் போனோம். வேடியப்பன் ஓட்டினார், மெஷின் பின்னால் இருந்தது, நானும் அக்காவும் நடுவில். கச்சிராயப்பாளையம் தாண்டி, கோமுகி அணைக்குப் பிறகு வளைவுகள் ஆரம்பித்தன. மூன்றாவது வளைவில் அக்கா ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கி வாந்தி எடுத்தாள். நான் தண்ணீர் பாட்டிலோடு இறங்கினேன். வாயைக் கொப்பளித்துவிட்டு, வேடியப்பனுக்குக் கேட்காத தூரத்தில் நின்று சொன்னாள்.

"மலைக்கில்ல ஷைனி. அம்பத்தெட்டு நாளாவுது. அவுருக்கும் எனக்குந்தான் தெரியும். இப்ப உனக்கு."

எனக்குச் சந்தோஷம்தான் முதலில் வந்தது, அதை மறுக்க மாட்டேன். உடனே பயமும் வந்தது. ஏன்கா வந்தாய், இறங்கி அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போ என்றேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏப்ரன் கட்டிக்கினுதான நிக்கறன். இப்ப சொன்னா டாக்டரு நாளைலேர்ந்து வராதன்னுடுவாரு. மூணு மாசம் தாண்டட்டும், நானே சொல்லிக்கறன். நீ வாய தெறக்க மாட்டன்னு சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தேன். சீக்கிரமாகச் செய்துவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. ஏப்ரனில் ஈயம் இருக்கிறது, பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தடுத்துவிடும், நானே அளக்கத்தான் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஜீப்பில் ஏறினேன். நான் போட்ட உறையும் சொன்ன சமாதானமும் கனகச்சிதமாக இருந்தன.

பள்ளிக்கூட அறையில் மெஷினை வைத்தோம். வெளியே தாய்மார்கள் குழந்தைகளோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சிலர் இரண்டு மணி நேரம் நடந்து வந்திருந்தார்கள். ஜெனரேட்டர் சத்தத்தில் ஆடுகள் மிரண்டு ஓடின. வேடியப்பன் தன் ஏப்ரனைப் போட்டுக்கொண்டு மெஷினுக்குப் பின்னால் எட்டடி தள்ளி நின்றார். ஜூலியாவுக்கு ஜீப்பிலிருந்து இன்னொரு ஏப்ரன் எடுத்துக் கொடுத்தார். நீல நிறம், ஓரத்தில் நூல் பிரிந்திருந்தது. நான் பிலிமை அவள் வயிற்றில் சேலைக்கு மேல் ஒட்டி அதன்மேல் ஏப்ரனைக் கட்டிவிட்டேன். 'கூச்சமா இருக்குதுடி' என்று சிரித்தாள்.

வேடியப்பனுக்கு ஒரு பழக்கம். கதிர் வருகிற வாயைக் குறுக்கி நெஞ்சு மட்டும் தெரிகிற அளவுக்கு வைக்க வேண்டும். குழந்தை நகர்ந்தால் படம் வெட்டுப்படும் என்று அவர் வாயை முழுக்கத் திறந்தே வைப்பார். குழந்தையைப் பிடிப்பவளின் கையும் இடுப்பும் கதிருக்குள் வரும். அதை நான் முதல் குழந்தையிலேயே கவனித்தேன், குறித்துக்கொண்டேன். மணிக்கட்டு ரீடிங் நன்றாக வரும் என்று நினைத்தேன்.

முதல் மூன்று குழந்தைகளுக்கு வயிற்றுப் பிலிமின் இணைப்பு சரியாக இல்லை, லேப்டாப்பில் எண் தாவிக்கொண்டிருந்தது. நான்காவது குழந்தைக்கு நிலையான எண் வந்தது. மணிக்கட்டில் நூறு என்றால் வயிற்றில் அறுபத்திரண்டு. ஏப்ரனுக்கு உள்ளே. எட்டோ ஒன்பதோ வர வேண்டிய இடத்தில்.

வியர்வை என்று நினைத்தேன். ஈரம் உறைக்குள் போயிருக்கும் என்று புதுப் பிலிம் மாற்றினேன். அறுபது. இணைப்பை மாற்றினேன். அறுபத்தொன்று. பிலிமைக் கழற்றி ஜன்னலோரம் காயவைத்துத் திரும்ப ஒட்டினேன். அறுபத்திரண்டு. ஒவ்வொரு முறையும் அக்கா கையைத் தூக்கிக்கொண்டு பொறுமையாக நின்றாள், ஒவ்வொரு முறையும் ஒரு குழந்தை வந்தது, வேடியப்பன் பட்டனை அமுக்கினார். பதினைந்தாவது குழந்தைக்கும் அதே எண் வந்தது. லேப்டாப்பை மூடிவிட்டுப் போய் அக்காவைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன்.

ஏப்ரனை அவிழ்த்துப் பெஞ்சில் போட்டுத் தடவிப் பார்த்தேன். மேலே கனமாக இருந்தது. நடுவில், சரியாக வயிறு வருகிற இடத்தில், கையகலத்துக்கு உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் துணி. கீழ் ஓரத்தைத் தொட்டபோது உள்ளே துண்டு துண்டாக ஏதோ உருண்டது. ஈயம் கலந்த ரப்பர் நடுவில் முறிந்து, நொறுங்கி, கீழே இறங்கி விளிம்பில் சேர்ந்து கிடந்தது. ஈய ஏப்ரனை மடிக்கவே கூடாது, தொங்கவிட வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுக்கிற விஷயம்.

இதை யார் மடித்தது என்று வேடியப்பனைக் கேட்டேன். அவருக்கு ஐம்பது வயதிருக்கும், யாரிடமும் அதிர்ந்து பேசாத மனிதர். ஏப்ரனைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார்.

"ஜீப்பு சீட்டுல கம்பி குத்துதும்மா. ரெண்டா மடிச்சிப் போட்டு அதும் மேலதான் குந்திக்கினு ஓட்டுவன். எல்லா கேம்புக்கும் அப்படித்தான்."

வாயில் வந்ததையெல்லாம் அவரைத் திட்டினேன். ஒன்பது வருடமாக என் அக்கா வயிற்றில் கட்டியிருந்தது அவர் உட்காரும் மெத்தை என்று கத்தினேன். அக்கா சும்மா இரு என்று என் தோளை அழுத்தினாள். அவள் ஏப்ரனைத் தொடவில்லை, அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

முகாமை நிறுத்துங்கள் என்றேன். வரிசையில் அடுத்து நின்றவள் பாப்பாத்தி என்கிற பெண். ஐந்து வயது மகள் தனுஷாவை இடுப்பில் வைத்திருந்தாள். அந்தக் குழந்தை இரண்டு மாதமாக இருமுகிறது, எழுதிக் கொடுத்த சீட்டில் பார்த்தேன்.

"கோழி கூவசொல்ல பொறப்பட்டன். உங்க சண்டைய கீழ போயி போட்டுக்குங்க. எம் புள்ளைக்குப் படம் புடிச்சிட்டுப் போங்க," என்றாள்.

வேடியப்பன்தான் தன் ஏப்ரனைக் கழற்றினார். அது தொங்கவிட்டு வைத்த ஏப்ரன், முறிவில்லாதது. அதைப் பாப்பாத்திக்குக் கட்டிவிட்டு, கதிர் வாயைக் குழந்தையின் நெஞ்சளவுக்குக் குறுக்கினார். சுவிட்ச் ஒயரை முழு நீளத்துக்கு இழுத்துக்கொண்டு கதவுக்கு வெளியே சுவருக்குப் பின்னால் போய் நின்று அமுக்கினார். மீதி நாற்பத்தைந்து குழந்தைகளையும் அவரவர் அம்மாதான் பிடித்தார்கள். அக்கா வாசலில் நின்று மூக்கு வித்தையை மட்டும் சொன்னாள். ஒரு மணி நேரம் கூடுதலாக ஆனது, அவ்வளவுதான். ஒன்பது வருடமாக மிச்சம் பிடித்தது அந்த ஒரு மணி நேரத்தைத்தான்.

மறுநாள் சனிக்கிழமை காலை டாக்டர் அறையில் கூடினோம். தெய்வசிகாமணி சாரும் காரில் வந்திருந்தார். நான் லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். டாக்டர் அரங்கநாதன் கண்ணாடியை ஏற்றிவிட்டு நிதானமாகப் பார்த்தார். குரலை உயர்த்தவே இல்லை. குரலை உயர்த்தாதவர்களிடம் சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம்!

"மலையில பனி. அந்தப் பொண்ணுக்கு வேர்வை. உங்க தாளுக்கு ஈரம் ஆகாதுன்னு நீங்களே கட்டுரையில எழுதியிருக்கீங்களேம்மா. ஏப்ரன் நல்ல ஏப்ரன், சான்றிதழோட வாங்கினது. எங்க பேட்ஜ் அறிக்கை ஒன்பது வருஷமா சுத்தமா இருக்கு, பாக்கறீங்களா?"

பேட்ஜ் ஆணியில் தொங்குகிறது சார், ஆணி கருத்தரிக்காது என்றேன். தெய்வசிகாமணி சார் இருமினார். பிறகு என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்.

"வயித்து ரீடிங்க மட்டும் எடுத்துடும்மா. மணிக்கட்டு ரீடிங்கே போதும், பேப்பர் போயிடும். எதுக்கு வம்பு?"

ஐந்து வருடமாக அவரைக் கும்பிட்டிருக்கிறேன். பிலிம் வளையும் என்று கண்டுபிடித்தவள் நான்தான். அவர் அதைவிட நன்றாக வளைவார் என்பதை அன்றுதான் கண்டுபிடித்தேன். அடக்கி வைத்தது எல்லாம் பொங்கிவிட்டது. வயிற்று ரீடிங்தான் சார் முக்கியம், அவள் வயிற்றில் அறுபது நாள் குழந்தை இருக்கிறது என்று கத்திவிட்டேன்.

கத்தி முடித்த பிறகுதான் கதவருகே அக்கா நிற்பதைப் பார்த்தேன். டீ டம்ளர்கள் வைத்த தட்டு கையில் இருந்தது. அவள் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் மாட்டேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்படியா, அப்படியானால் நாளையிலிருந்து அவங்க வர வேண்டாம், வீட்டில் ஓய்வெடுக்கட்டும், நம் மேல் பழி வரக் கூடாது பாருங்கள் என்று சாரைப் பார்த்துச் சொன்னார். ஜூலியாவைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. அக்கா பயந்தது நடந்துவிட்டது, நடத்தி வைத்தது நான்.

அந்த நேரம் வேடியப்பன் உள்ளே வந்தார். கையில் பெரிய எக்ஸ்ரே படம் ஒன்று, தோளில் அந்த நீல ஏப்ரன். யாரிடமும் கேட்காமல் அதை டாக்டரின் மேசைக்குப் பின்னால் இருந்த விளக்குப் பெட்டியில் செருகினார். அந்த ஏப்ரனையே எக்ஸ்ரே மேசையில் விரித்துப் படம் எடுத்திருக்கிறார், டாக்டருடைய மெஷினில், டாக்டருடைய பிலிமில். பனியும் இல்லை, வியர்வையும் இல்லை, என்னுடைய கல்கண்டும் இல்லை. மேலே வெள்ளை, கீழே விளிம்பில் வெள்ளைத் துண்டுகள், நடுவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கருப்புப் பட்டை. எக்ஸ்ரே புகுந்து போன இடம்தான் கருப்பாக இருக்கும் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். டாக்டர் முப்பது வருடமாக அதைப் பார்த்துத்தான் பிழைக்கிறார்.

"நான் மடிச்சன் சார். தப்பு என்னுது. வருசா வருசம் இப்படி ஒரு படம் எடுத்துப் பாக்கணும்னு படிச்சிருக்கறன். நீங்க எடுக்கச் சொல்லல, நானும் எடுக்கல. இவங்கள நிறுத்தினா இந்தப் படத்த எங்க அனுப்பணுமோ அங்க அனுப்பிட்டு நானும் நின்னுக்கறன்," என்றார் வேடியப்பன்.

டாக்டர் படத்தைப் பார்த்தார். பழைய ஏப்ரன், கவனக்குறைவு, ஆனால் பயப்படுகிற அளவுக்கு ஒன்றும் இருக்காது, ஒன்றிரண்டு முகாமில் பட்டிருக்கும், பெரிய அளவு கிடையாது என்று வார்த்தை வார்த்தையாக அடுக்கினார்.

அக்கா டீத் தட்டை மேசையில் வைத்தாள். வேடியப்பன் தோளில் கிடந்த நீல ஏப்ரனை வாங்கினாள். மேசையைச் சுற்றிப் போய் டாக்டர் முன்னால் அதை இரண்டு கையாலும் நீட்டினாள். ஒன்பது வருடத்தில் அவள் அந்தப் பக்கம் தரை துடைக்கத்தான் போயிருக்கிறாள்.

"பெருசா ஒண்ணும் இல்லன்னு சொல்றீங்களே சார். கட்டிக்கினு வந்து நில்லுங்க. கொழந்தைய நீங்க புடிங்க. ஒரே ஒரு படம்."

டாக்டர் கையை நீட்டவில்லை. நாற்காலி பின்னால் ஒரு சாண் நகர்ந்தது. ஏப்ரனின் விளிம்பில் ஈயத் துண்டுகள் உருளும் சத்தம் மட்டும் கேட்டது. அவள் அதை அவர் மேசைமேல் வைத்தாள். மடிக்காமல், விரித்து வைத்தாள். டீ டம்ளர்கள் அதற்கு அடியில் கவிழ்ந்தன.

அவளை யாரும் நிறுத்தவில்லை. எக்ஸ்ரே பக்கம் போகாமல் முன்னால் சீட்டு எழுதும் இடத்தில் உட்கார வைத்தார்கள். புது ஏப்ரன் இரண்டு வந்தது, சுவரில் தொங்குகிறது. குழந்தைகளை அவரவர் அம்மா பிடிக்கிறார்கள். பேட்ஜுகள் ஆணியிலிருந்து சட்டைக்கு வந்துவிட்டன என்று வேடியப்பன் சொன்னார். ஜெயித்துவிட்டோம் என்றுதான் அந்தச் சனிக்கிழமை மாலையே நினைத்தேன். தியாகதுருகம் பஸ்ஸுக்காக நிலையத்தில் அக்காவோடு நின்றபோது, சத்தியத்தை மீறியதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் அதைக் கேட்கவில்லை. வேறொன்று கேட்டாள்.

"மூணு தபா பிலிம் மாத்தினியே. அப்பவே தெரிஞ்சிடுச்சா உனக்கு?"

சந்தேகமாக இருந்தது என்றேன்.

"எத்தினியாவது புள்ளைக்குச் சந்தேகம் வந்துது?"

"நாலு."

"எத்தினியாவது புள்ளைக்கு என்னய வெளிய இழுத்த?"

"பதினஞ்சு."

அவள் விரல் விட்டு எண்ணவில்லை. அவளுக்குக் கணக்கு நன்றாக வரும். அம்பத்தெட்டு நாள் என்று உன்கிட்ட மட்டுந்தான சொன்னன் என்று மெதுவாகச் சொன்னாள். பஸ் வந்தது. ஏறினாள். ஜன்னலோரம் இடம் இருந்தது, அதில் உட்காராமல் உள்பக்கம் போய் உட்கார்ந்தாள்.

இப்போது அவளுக்கு ஆறாம் மாதம். குழந்தை நன்றாக இருக்கிறது, அசைகிறது என்று அம்மா சொல்கிறாள். அதை அம்மா வழியாகத்தான் நான் கேட்க வேண்டியிருக்கிறது. பிறக்கிறவரை யாருக்கும் நிம்மதி இல்லை. நான் டாக்டரையும் சாரையும் திட்டிக்கொண்டே இருக்கலாம், இன்னும் பத்து வருடத்துக்கு ஆகிற கோபம் இருக்கிறது. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை அவர்களுக்கு அவள் கர்ப்பம் தெரியாது. தெரிந்துகொண்டு நின்றவள் நான் ஒருத்திதான். ஒரு ரீடிங் போதாது, திரும்ப வந்தால்தான் நம்புவார்கள் என்று ஐந்து வருடமாக எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நான் நல்ல மாணவி.

வயிற்று ரீடிங்கை நான் ஆய்வேட்டிலிருந்து நீக்கவில்லை. சார் இரண்டு முறை அதைக் கோடு போட்டு அடித்தார், இரண்டு முறையும் திரும்பச் சேர்த்தேன். நான்காவது குழந்தைக்குப் பிறகும் அளவீடு தொடர்ந்தது, தொடர்ந்தது நான்தான், கர்ப்பம் தெரிந்தே தொடர்ந்தேன் என்று அட்டவணைக்கு அடியில் எழுதியிருக்கிறேன். அந்தப் பதினொரு குழந்தைகளுக்கும் வந்த எண்கள் அட்டவணையில் ஒன்றுக்கொன்று ஒட்டி நிற்கின்றன. ஐந்து வருடத்தில் நான் எடுத்த ரீடிங்குகளிலேயே அவ்வளவு சுத்தமானவை வேறு இல்லை.